இரண்டு புள்ளி வைத்த வரிகள்

துணி துவைக்கும் மெஷினுக்கு வழிகாட்டி எழுதுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் உண்டு. அவளுக்கு அதுதான் வேலை. அலுவலகத்தில் எல்லோரும் 'கைடு அக்கா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

வீட்டில் வைத்துக்கொள்கிற சின்ன மெஷின் இல்லை. ஆஸ்பத்திரிகளிலும் பெரிய விடுதிகளிலும் இருக்கிற, ஓர் ஆளை அப்படியே உள்ளே வைத்துப் பூட்டிவிடலாம் போன்ற மெஷின்கள். முகப்பில் ஒரு திரை இருக்கும். அந்தத் திரைக்குப் பின்னால் ஓடுகிற மென்பொருளைச் செய்வது இந்தக் கம்பெனி. எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும், தண்ணீர் வடியாமல் நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும், கதவு திறக்க மறுத்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லும் பக்கங்களை எழுதுவது கைடு அக்கா.

முதலில் டைப் அடிக்கத்தான் வந்தாள். இன்ஜினியர்கள் எழுதிக் கொடுத்ததை அடித்துக்கொண்டே முணுமுணுப்பாள். "டிரம் நின்னாத்தான் கதவு தொறக்கும். இதச் சொல்றதுக்கு எதுக்கு ஊரச் சுத்தி வரணும்?" முணுமுணுப்பு தாங்காமல், நீயே எழுதிக்கொள் என்று விட்டுவிட்டார்கள். எழுதினாள். நன்றாகவும் எழுதினாள், சொதப்பவும் செய்தாள். ஒரு தடவை, சுருக்குகிறேன் பேர்வழி என்று கொதிநீர் எச்சரிக்கையையே வெட்டித் தள்ளி, வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் எச்சரிக்கையில் மட்டும் கை வைப்பதில்லை. மற்ற எல்லாவற்றிலும் வைப்பாள்.

அந்த வேலை நடக்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பக்கத்தை நேரடியாக எழுதுவதில்லை. மூல ஃபைல் என்று ஒன்று இருக்கும். இது தலைப்பு, இது எச்சரிக்கை, இங்கே படம் என்று சொல்லும் குறிகளெல்லாம் எழுத்தோடு எழுத்தாக அதில் கிடக்கும். தைத்த சட்டையை உள்பக்கம் திருப்பினால் முடிச்சும் பிசிறுமாகத் தெரியுமே, அந்த மாதிரி. ஒரு கட்டளை கொடுத்தால் கம்ப்யூட்டர் அதை வெளிப்பக்கம் திருப்பி, பார்க்க லட்சணமான பக்கமாகக் கட்டிக் கொடுக்கும். அதற்கு 'பில்ட்' என்று பேர். ஊர் பார்ப்பதற்கு முன்னால் அதைத் தான் ஒரு தடவை பார்த்துக்கொள்வது 'பிரிவியூ'.

மற்றவர்கள் பக்கம் முழுக்க எழுதிவிட்டு ஒரு தடவை பிரிவியூ பார்ப்பார்கள். கைடு அக்கா ஒவ்வொரு வரிக்கும் பார்ப்பாள். வாய்விட்டுப் படித்தும் பார்ப்பாள். கஸ்டமர்களின் போனை எடுத்துப் பேசுகிற ஒரு பையன் பக்கத்து மேஜையில் உண்டு. நாள் முழுக்கச் சொல்வது அந்த ஒரு வார்த்தைதான் என்பதால் அவனுக்கு 'ஹலோ' என்றே பேராகிவிட்டது. அவன் கிண்டல் பண்ணுவான்.

"அக்கா, கல்யாணப் பொண்ணு கண்ணாடி பாக்கற மாதிரி எத்தன தடவதான் பாப்பீங்க?"

"நீ போன எடுத்து எத்தன தடவ ஹலோ ஹலோன்னு கத்தற? நான் கேட்டனா?"

இந்த வேலையில் ஒரு வசதி இருந்தது. வரியின் தொடக்கத்தில் இரண்டு புள்ளி வைத்துவிட்டால், அந்த வரி மூல ஃபைலுக்குள்ளேயே தங்கிவிடும். கட்டி வருகிற பக்கத்தில் தெரியாது. கமெண்ட் என்பார்கள். 'இந்த அளவை மாற்றாதே, பழைய மெஷினுக்கு இதுதான் சரி' என்று அடுத்து வருகிறவருக்குச் சொல்லி வைக்க ஏற்பட்டது. கைடு அக்காவும் அவளுடைய கொழுந்தனும் அதை வேறொன்றுக்கும் வைத்துக்கொண்டார்கள்.

கொழுந்தன் அதே அலுவலகத்தில் புரோகிராமர். இவளை அங்கே டைப் அடிக்கச் சேர்த்துவிட்டவனே அவன்தான். இவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் கால் வைத்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன். இவள் கையால் சாப்பிட்டு, இவள் வாயால் திட்டு வாங்கி வளர்ந்தவன். புருஷனுடைய தம்பி என்பதெல்லாம் பேருக்குத்தான். தலைச்சன் பிள்ளை மாதிரி வைத்திருந்தாள்.

அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு பேரும்தான் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் சாயங்காலம் டாக்டர் அவனைத் தனியே கூப்பிட்டு, விடியும்வரை தாங்காது என்று சொல்லிவிட்டார். அவன் வந்து இவளிடம் சொன்னது வேறு. "அண்ணி, நீங்க வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு, கொஞ்சம் படுத்துட்டுக் காலைல வாங்க. நான் இருக்கேன்." இவளும் பல நாளாகத் தூங்காத கண்ணோடு, நம்பிப் போனாள். போய்ப் படுத்தாள். அவளை எழுப்பியது போன்தான்.

டாக்டர் சொன்னதை மூடி மறைத்துத்தான் தன்னை அனுப்பினான் என்பது, அடக்கம் முடிந்த அன்று அவன் வாயாலேயே வெளியே வந்தது. அழுதுகொண்டே சொல்லிவிட்டான். அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னாள். "இனி உனக்கும் எனக்கும் பேச்சு கெடையாது. நீ செத்தாலும் சரி, நான் செத்தாலும் சரி."

சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அவளுக்கு ஒரு திமிர் உண்டு. மூன்று வருஷமாகக் காப்பாற்றினாள். அதனால் நஷ்டம் யாருக்கு என்று பார்த்தால் அவளுக்குத்தான். அன்றைக்கு ராத்திரி அந்த மனுஷன் முழித்தாரா, வலித்ததா, யாரையாவது கேட்டாரா என்பதெல்லாம் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஒரு ஆளோடுதான் அவள் பேசுவதில்லை.

ஒரே அலுவலகத்தில் பேசாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. மெஷின் எப்படி ஓடும் என்பது அவனுக்குத் தெரியும். அதை எழுத வேண்டியது இவள். ஆரம்பத்தில் மேனேஜர்தான் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தாள். சின்ன வயசுக்காரி, பொறுமைசாலி, ஆனால் பொறுமைக்கும் ஓர் அளவு இருக்கிறதே.

"மூணு நொடி அழுத்தணுமா, ரெண்டு நொடியான்னு அவர்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்பாள் கைடு அக்கா, அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே.

"மூணுன்னு அண்ணிகிட்டச் சொல்லுங்க மேடம்" என்பான் அவன், திரும்பாமலே.

"அய்யோ, நான் என்ன உங்களுக்குத் தபால்காரியா?" என்று ஒருநாள் மேனேஜர் கையைக் கூப்பிவிட்டாள். "ஃபைல்ல கமெண்ட்டா எழுதிக்கோங்க. என்னை ஆள விடுங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் சுத்தமான வேலைப் பேச்சு.

.. மூணு நொடி அழுத்தணும். ரெண்டு போதாது.

.. போன மாசம் ரெண்டுன்னு எழுதினது யாரு? பேயா?

.. நான்தான். தப்பு.

.. ஒத்துக்கிட்டா ஆச்சா? லாண்டரிக்காரன் கை வலிக்க அழுத்திட்டு நிக்கறான்.

கொஞ்ச நாளில் வேலை மெல்லப் பின்னால் போய், மற்றதெல்லாம் முன்னால் வந்தது.

.. கண் டெஸ்ட் பண்ணிக்கோங்க அண்ணி. ஒரே வரில நாலு தப்பு.

.. என் கண்ண நான் பாத்துக்கறேன். நீ உன் வயித்தப் பாரு. சட்ட பட்டன் பிச்சுக்குது.

அலுவலகத்தில் எதிரே வந்தால் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள். உட்கார்ந்து ஃபைலைத் திறந்தால் இந்தக் கூத்து. மற்றவர்கள் அந்த ஃபைல்களைத் திறப்பதில்லை. கட்டி வந்த பக்கத்தைப் பார்ப்பதோடு சரி. தண்ணீர் வடிகால் பற்றிய பக்கத்தில்தான் பேச்சு அதிகம். அடிக்கடி மாறுகிற பக்கம் அது. அதைத் திறக்கச் சாக்குத் தேட வேண்டியதில்லை.

.. சின்னதுக்கு ரெண்டு நாளா காய்ச்சல்.

.. டாக்டர்கிட்டக் காட்டினியா, இல்ல நீயே டாக்டரா?

அந்த வரிக்கு அவன் பதில் எழுதவில்லை. எழுதிய பிறகு இவளுக்கும் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அதை அழிக்கவும் இல்லை. சொன்னது சொன்னதுதான்.

வீட்டில் மகளிடம் வாய் தவறிவிட்டது. "உன் சித்தப்பன் பொண்ணுக்குக் காய்ச்சலாம்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "சித்தப்பாகூடப் பேசினியாம்மா?"

"நான் எதுக்குப் பேசறேன்? ஆபீஸ்ல எழுதியிருந்துது."

"எழுதியிருந்துதா? எங்க, நோட்டீஸ் போர்டுலயா?"

"சாப்பிடறப்ப என்ன கேள்வி உனக்கு?"

கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் அவள் புள்ளி வைத்துக் கேட்கவில்லை. அந்தக் கடைசி ராத்திரியைப் பற்றிப் பல தடவை ஒரு வரி அடித்து, சேவ் பண்ணாமல் அழித்திருக்கிறாள். மூல ஃபைல் அலுவலகத்துச் சொத்து; யாராவது திறந்து தொலைத்தால்? அது ஒரு காரணம். உள்ளூர இன்னொரு காரணமும் இருந்தது. புள்ளி வைத்துக் கேட்டால் புள்ளி வைத்துத்தான் பதில் வரும். அந்தப் பதிலைச் சொல்கிறபோது அவன் முகம் எப்படி இருக்கிறது என்று அவளுக்குப் பார்க்க வேண்டும். பேச்சே கிடையாது என்று சபதம் போட்டவளும் அவளேதான்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். அதற்குள் பக்கம் கட்டுவதற்கு மேனேஜர் புது மென்பொருள் கருவி ஒன்றைக் கொண்டுவந்தாள். பழைய முறையில் கட்டிய பக்கங்கள் செல்போனில் சரியாகத் தெரிவதில்லை. லாண்டரிகளில் வேலை செய்கிறவர்கள் செல்போனில்தான் பார்க்கிறார்கள். அதனால் எல்லா மூல ஃபைல்களையும் புதுக் கருவிக்கு ஏற்றபடி மாற்றச் சொன்னாள். மாற்றுகிற பொறுப்பு கொழுந்தனுக்கு வந்தது.

அவன் காரியத்தில் கெட்டிக்காரன். மாற்றுவதற்கென்றே ஒரு சின்ன புரோகிராம் எழுதினான். தலைப்பு சரியாக மாறியதா, படம் வந்ததா, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகிற லிங்க் உடையாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். எல்லாம் சரி. பிரிவியூவைக் கஸ்டமர்களுக்கும் அனுப்பி, பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். ஒன்றை மட்டும் மறந்தான். பழைய கருவிக்கு இரண்டு புள்ளி வைத்த வரி மறைக்க வேண்டிய வரி. புதுக் கருவிக்குப் புள்ளி என்றால் வெறும் புள்ளி.

காலையில் கைடு அக்கா வந்து நுழைந்தபோது ஹலோ போன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஆஸ்பத்திரி லாண்டரி சூப்பர்வைசரம்மா லைன்ல இருக்காங்க."

"என்னவாம்? மெஷின் நின்னுபோச்சா?"

"மெஷின் நல்லா ஓடுதாம். சின்னதுக்குக் காய்ச்சல் கொறஞ்சுதான்னு கேக்கறாங்க."

அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கைப்பையைக்கூட வைக்காமல் பிரிவியூவைத் திறந்தாள். வடிகால் பக்கம் பளிச்சென்று வந்து நின்றது.

1. மெயின் சுவிட்சை அணைக்கவும்.
2. வடிகால் மூடியை இடப்பக்கமாகத் திருப்பவும்.
.. சின்னதுக்கு ரெண்டு நாளா காய்ச்சல்.
.. டாக்டர்கிட்டக் காட்டினியா, இல்ல நீயே டாக்டரா?
3. சேர்ந்திருக்கும் பஞ்சை அகற்றவும்.

அடுத்த பக்கத்தைத் திறந்தாள். அங்கே அவன் வயிறும் சட்டைப் பட்டனும். அதற்கடுத்ததில் அவள் கண் டெஸ்ட். கொதிநீர் எச்சரிக்கைக்குக் கீழே, பெரிய எழுத்தில், 'மூஞ்ச உர்ருன்னு வெச்சிட்டு எதுக்கு ஆபீசுக்கு வர்ற? வீட்ல சண்டையா?' என்று அவளே கேட்டு வைத்தது. திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் இரண்டு மூன்று தலை சேர்ந்திருந்தது. கொழுந்தன் தன் இடத்தில், மேஜைக்கு அடியில் வழி இருக்கிறதா என்று தேடுகிறவன் மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தான்.

மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. ஆனால் பேச்சு கறாராகத்தான் வந்தது.

"பிரிவியூவ எறக்கிட்டேன். சாயங்காலத்துக்குள்ள சுத்தம் பண்ணி மறுபடி ஏத்தணும். புள்ளி வெச்ச வரி எல்லாத்தையும் ஒரே கட்டளைல தூக்கிடலாம்தானே சார்?"

கைடு அக்காதான் சொன்னாள். "தூக்கக் கூடாது. அதுல பாதி வேலைக்கு வேணும். எந்தப் பழைய மெஷினுக்கு எவ்வளவு சூடு, எதத் தொடக் கூடாது, எல்லாம் அதுலதான் இருக்கு."

"எது வேலைக்கு, எது வீட்டுக்குன்னு யாருக்குத் தெரியும்?"

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"உங்க ரெண்டு பேருக்குத்தானே? அப்ப ரெண்டு பேரும் மீட்டிங் ரூம்ல உக்காந்து பிரிச்செடுங்க. இன்னொண்ணும் சொல்லிடறேன். இனிமே ஃபைல்ல இந்த மாதிரி எதுவும் எழுதக் கூடாது. கடவுள் வாயக் குடுத்திருக்காரு. பேசணும்னா பேசுங்க, வேணாம்னா விடுங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் கைடு அக்காவுக்குச் சுருக்கென்று குத்தியது. வேண்டாமென்றால் விடுங்கள். விடுவதற்கு இருந்தது அந்தப் புள்ளிகள் மட்டும்தான். அதுவும் போனால், எதிரே வரும்போது பார்க்கச் சுவர் மட்டும்தான் மிச்சம்.

மீட்டிங் ரூம் ஒரு கண்ணாடிக் கூண்டு. சுவரில் பெரிய திரை. அவள் கீபோர்டை எடுத்துக்கொண்டாள். அவன் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். பக்கத்தில் உட்கார்ந்தால் கடித்துவிடுவாள் என்று நினைத்தானோ என்னவோ. அவள் முன்னால் இருந்த சின்னத் திரையில் மூல ஃபைல். சுவரில் அதன் பிரிவியூ. அவள் ஒரு வரியில் விரலை வைப்பாள். அவன் தலையை ஆட்டினால் இருக்கும், ஆட்டாவிட்டால் போகும். அப்படியே சத்தமில்லாமல் சில பக்கங்கள் போயின. கண் டெஸ்ட் போயிற்று. சட்டைப் பட்டன் போயிற்று. ஒவ்வொன்று போகும்போதும் சுவரில் இருந்த பக்கம் கொஞ்சம் சுருங்கி மேலே ஏறியது.

கதவுப் பக்கம் வந்தது. அவளுக்கு மனதுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. மூன்று வருஷப் பழக்கம் விரலில் இருக்கிறதே, யோசிக்காமல் இரண்டு புள்ளி வைத்து அடித்துவிட்டாள்.

.. வேணும்னே செஞ்சியா?

அடித்துச் சேவ் பண்ணிய மறு கணம், சுவரில் 'டிரம் முழுவதும் நின்ற பிறகே கதவைத் திறக்கவும்' என்பதற்குக் கீழே, முழ நீளத்துக்கு அந்தக் கேள்வி வந்து நின்றது. கண்ணாடிக்கு வெளியே போய்க்கொண்டிருந்த ஹலோ அப்படியே நின்று, படித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான்.

"இனிமே புள்ளி வெச்சாலும் மறையாது அண்ணி" என்றான் கொழுந்தன். மூன்று வருஷத்தில் அவள் முகத்தைப் பார்த்து அவன் சொன்ன முதல் வார்த்தை அதுதான். "வேணும்னு செய்யல. தலைப்பு, படம், லிங்க்னு எல்லாத்தையும் பட்டியல் போட்டேன். கமெண்ட் நெனப்புக்கே வரல. நம்ம எழுதினத நான் கமெண்டுன்னு நெனச்சதே இல்ல. பேசிட்டிருக்கோம்னுதான் இருந்தேன்."

"யாரு பேசினா? உங்கிட்ட நான் பேசினனா?"

சத்தமாகவே வந்துவிட்டது. வெளியே இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. போட்ட சபதம் போயிற்றே என்று ஒரு நிமிஷம் திகைத்தாள். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இது பேச்சில்ல. திட்டறேன். பேச மாட்டேன்னுதான் சொன்னேன், திட்ட மாட்டேன்னு சொல்லல."

"சரி அண்ணி. திட்டுங்க."

திட்டினாள். சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. வளர்த்த கையைக் கடித்தவன் என்றாள். பெரிய மனுஷன் என்று நினைப்பா என்றாள். என் புருஷன் சாகப் போவது எனக்குத் தெரியக் கூடாது, உனக்கு மட்டும் தெரியலாமா என்றாள். அவன் குனிந்த தலை நிமிரவில்லை.

"எதுக்குடா அனுப்பின என்னை? அவர் அனுப்பச் சொன்னாரா?"

"இல்ல."

"டாக்டர் சொன்னாரா?"

"இல்ல அண்ணி. அண்ணன் மேல, டாக்டர் மேல எல்லாம் பழி போட முடியாது. நானேதான் செஞ்சேன். கட்டில் பக்கத்து நாற்காலில தூங்காம நீங்க உக்காந்திருந்தத என்னால பாக்க முடியல. டாக்டர் சொன்னதச் சொன்னா நீங்க விழுந்துடுவீங்கன்னு பயந்துட்டேன்."

"விழுந்தா விழுந்துட்டுப் போறேன். ஆஸ்பத்திரிலதானே விழுந்திருப்பேன்? தூக்கிவிட ஆளில்லாத எடமா அது?"

அவன் செய்தது தப்பு. இப்போது கேட்டாலும் தப்புதான்.

அவள் கீபோர்டைத் தள்ளி வைத்தாள். நாற்காலியை அவன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். இதற்கு மேல் வருவது திட்டில் சேராது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள்.

"ராத்திரி முழிச்சாரா?"

"ஒரே ஒரு தடவ."

"என்ன சொன்னாரு?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஃபேனக் கொறைக்கச் சொன்னாரு. குளுருதுன்னு."

"கொறைச்சியா?"

"கொறைச்சேன். போர்வைய இழுத்து விட்டேன். கால் வெளிய தெரிஞ்சுது, அதையும் மூடி விட்டேன். தூங்கிட்டாரு. அப்புறம் முழிக்கல."

"வலிச்சுதா?"

"தெரியல அண்ணி. வலிக்குதுன்னு சொல்லல. மூச்சுதான் சத்தமா இருந்துது. போகப் போகக் கொறஞ்சுடுச்சு."

கேட்க வந்தது இன்னும் பாக்கி இருந்தது. "என்னக் கேட்டாரா?"

கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? அவன் அவளை நேராகப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது, பார்வை நகரவில்லை.

"இல்ல அண்ணி. கேக்கல."

அவள் சுவரில் இருந்த கதவுப் பக்கத்துக்குப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது வேறு.

"அந்த மனுஷன் முழிச்சிட்டிருக்கறப்பவே கேக்க மாட்டாரு. தண்ணி வேணும்னாக்கூட எங்கிட்டக் கேக்காம, சொவத்தப் பாத்துத்தான் சொல்லுவாரு."

கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் திட்டுவாளோ என்று மென்று விழுங்கப் பார்த்தான். முடியவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு எங்கே முடிந்து மற்றது எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. கண்ணாடிக்கு வெளியே இருந்தவர்கள் நாகரிகம் தெரிந்தவர்கள். அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டார்கள். ஹலோவைத் தவிர.

"உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத" என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"நெனைக்கல அண்ணி."

"நெனைக்காத. அந்த ராத்திரி என்னுது. நீ எடுத்துக்கிட்ட. அதத் திருப்பிக் குடுக்க உன்னால ஆகாது."

"ஆகாது" என்றான்.

கீபோர்டை இழுத்துக்கொண்டாள். வேலை பாக்கி இருந்தது. இப்போது வாயாலேயே கேட்டார்கள். இந்தச் சூட்டு அளவு இன்னும் சரியா? சரி, இருக்கட்டும். அப்புறம் எதற்கு இரண்டு தடவை எழுதியிருக்கிறாய்? நான் எழுதவில்லை, நீங்கள்தான். போடா, எனக்கென்ன வேறு வேலை இல்லையா? வடிகால் பக்கம் வந்தபோது அவன் தலையை ஆட்டுவதற்குள் அவளே காய்ச்சல் வரியை அழித்தாள். அதற்குக் கீழே இருந்த டாக்டர் வரியை அழிக்கும்போது மட்டும் விரல் கொஞ்சம் நின்றது.

"இது கொஞ்சம் அதிகம்தான்" என்றாள்.

"எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரல அண்ணி."

"வரக் கூடாதுன்னுதான் எழுதினேன்." அழித்தாள்.

வேலைக்கு வேண்டிய குறிப்புகளுக்கெல்லாம் அவன் புதுக் கருவிக்குத் தெரிந்த மறைப்புக் குறியைப் போட்டுக் கொடுத்தான். சாயங்காலத்துக்கு முன்னால் மறுபடி கட்டிப் பார்த்தார்கள். பக்கங்கள் மொழுமொழுவென்று வந்தன. மேனேஜர் வந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனாள். ஹலோ ஆஸ்பத்திரி லாண்டரிக்குப் போன் போட்டு, குழந்தைக்குக் குணமாகிவிட்டது, புதுப் பக்கத்தைப் பாருங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்தான்.

மறுநாள் அவளுக்கு வேலையே ஓடவில்லை. ஃபைலைத் திறந்தால் வெறும் வேலை. மெயின் சுவிட்ச், மூடி, பஞ்சு. அவ்வளவுதான். திறந்தவுடன் கண் போய்த் தேடுகிற இடத்தில் ஒன்றும் இல்லை. எழுதலாம் என்று விரல் போகும். கூடாது என்று நின்றுவிடும். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, திட்ட வேண்டியதைத் திட்டியாயிற்று. இனி அவனிடம் சொல்ல என்ன இருக்கிறது? ஒருவேளை ஒன்றும் இல்லையோ என்று நினைத்தபோது பயமாக இருந்தது. கோபம் இருந்தவரைக்கும் அவன் இருந்தான்.

மத்தியானத்துக்கு மேல் மேஜை ஓரத்தில் நிழல் விழுந்தது. கொழுந்தன் நின்றுகொண்டிருந்தான். கையில் பேப்பர் இல்லை, ஒன்றும் இல்லை. வேலை விஷயமாக வந்தவன் மாதிரித் தெரியவில்லை.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு தூரம் எந்திரிச்சு வந்த?"

அவன் விழித்தான். திரும்பிப் போய்விடுவான் போல ஒரு கால் பின்னால் நகர்ந்தது. ஹலோ போனைக் காதில் வைத்துக்கொண்டே, தன் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைக் காலால் இந்தப் பக்கம் தள்ளிவிட்டான்.

"மசமசன்னு நிக்காத" என்றாள் கைடு அக்கா. "உக்காரு. சின்னது இப்ப சரியா சாப்பிடறாளா?"